வயிற்றில் கட்டிய தட்டம்

எங்கள் ஊருக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே கைத்தொலைபேசி வந்துவிட்டது. ஆனால் அதை வீட்டில் வைத்துப் பேச முடியாது. வயல் வரம்பில் நடந்து, கண்டல் பற்றைகளைத் தாண்டி, வாவிக்கரைக்குப் போக வேண்டும். அக்கரையில் மட்டக்களப்புப் பட்டினத்துத் தொலைபேசிக் கோபுரம் ஓர் ஈர்க்குச்சி போலத் தெரியும். அதிலிருந்து கிளம்பும் அலை தண்ணீரைக் கடந்து வந்து, எங்கள் கரையைத் தொட்டதும் களைத்து நின்றுவிடுகிறது என்று நாங்கள் நம்பினோம். கரையில் நின்றால் குரல் உடைந்து உடைந்து வரும். கணுக்கால் தண்ணீரில் நின்றால் கொஞ்சம் தெளியும். முழங்கால் அளவுக்கு இறங்கினால் பக்கத்தில் குந்தியிருந்து பேசுவது போல இருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அந்த இடம் நிறைந்துவிடும். வளைகுடா நாடுகளில் அன்று லீவு. பெண்கள் சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி, தண்ணீருக்குள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி றியாத்தோடு, ஒருத்தி குவைத்தோடு. மீன்குஞ்சுகள் வந்து கால்விரல்களைக் கொத்தும். பேச்சு முடிந்த பிறகும் சிலர் போனைக் காதில் வைத்தபடியே நிற்பார்கள். வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்க இறங்க, எங்கள் நிழல்கள் தண்ணீரின் மேல் நீண்டு, எங்களை விட்டுவிட்டு அக்கரைக்குப் போய்விடப் பார்க்கும்.

நானும் அவர்களில் ஒருத்தி. கல்யாணம் முடித்த வருடமே என் கணவர் கட்டாருக்குப் போனார். அவர் விமானம் ஏறிய பிறகுதான் நான் பிள்ளைத்தாய்ச்சி என்பது உறுதியானது. அந்தச் செய்தியையும் தண்ணீரில் நின்றுதான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தண்ணிக்குள்ளயா நிக்காய் புள்ள?"

"ஓம்."

"வெளிய வா. தடிமன் புடிக்கும்."

நான் கரையேறவில்லை. கரையேறினால் அவர் குரல் உடைந்துவிடும்.

போன் சின்னது, கறுப்பு நிறம். சந்திக் கடையில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் கொடுத்து சார்ஜ் பண்ணி எடுப்பேன். எங்கே போனாலும் அதைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டியிருப்பேன். காலையில் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதும் அது அங்கேதான் தொங்கும். வீட்டில் அது எடுபடாது என்று தெரிந்தும், படுக்கும்போது பாயில் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஆள் இல்லாத இடத்தில் அது ஆளாக இருந்தது.

அம்மா இறந்த பிறகு எங்கள் வளவில் இரண்டு வீடுகள். ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. அக்காவும் அத்தானும் வயல் செய்தார்கள். அக்காவுக்கு இரண்டு தடவை வயிற்றில் பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். நாங்களும் கேட்கமாட்டோம். எனக்கு வயிறு தெரியத் தொடங்கியதும் அவள் என்னைத் தண்ணீர் அள்ளவும் விடவில்லை.

அக்காவிடம் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. பட்டினத்துக்குப் போகும் பாலத்தடிச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பற்றரி கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. அதனால் தீர்ந்துபோன பற்றரிகளைக் கூரை ஓட்டின் மேல் வெயிலில் வைத்து, சூடேறியதும் எடுத்துப் போடுவாள். கொஞ்ச நேரம் பாடும். பிறகு குரல் இறங்கி இறங்கி, கிணற்றுக்குள் போய்விடும். ஒரு மத்தியானம் அப்படித்தான் ஒரு வைத்தியர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சோற்றுக்கையோடு என் வாசலுக்கு வந்தாள்.

"புள்ள, அந்தப் போன எங்க வெச்சிரிக்காய்?"

"இடுப்புல."

"எடு அத."

எடுத்தேன். அதை என் கையிலிருந்து இரண்டு விரலால் தூக்கி, அடுப்படிக்கு அப்பால் இருந்த பலகையில் வைத்தாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"றேடியோவுல ஒரு டொக்டர் கதைச்சாரு. வயித்துல புள்ள இரிக்கக்குள்ள போன் கிட்ட வெச்சிரிக்கலாமா எண்டு ஆரோ கேட்டிரிக்காங்க. கெடுதி இல்லையெண்டு உறுதியாச் சொல்ல ஏலாது எண்டாரு."

"மறுகா?"

"மறுகா குரல் இறங்கிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பயப்படத் தேவையில்ல எண்டும் சொல்லியிருப்பாருதானே அக்கா."

"சொல்லியிருப்பாரு. சொல்லாமலும் இருந்திருப்பாரு." அவள் சிரிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கையில் காய்ந்துபோன சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாக உரித்தாள். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல கா. உனக்கு அரைவாசியாவது சொல்லியிரிக்கு."

அப்போதுதான் அவள் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினாள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த இரண்டு தடவையும் அவள் அத்தானோடு வட்டைக்குப் போயிருக்கிறாள். பச்சை விரிந்துகிடக்கும் அந்த வயல்வெளியில் அத்தான் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பார். அக்கா வாய்க்காலில் தண்ணீர் மொண்டு, மருந்தை ஊற்றி, கையாலேயே கலக்கிக் கொடுப்பாள். ஊற்றியதும் தண்ணீர் பால் போல வெளுக்கும். பார்க்க வடிவாக இருக்கும் என்றாள். பிறகு அதே வாய்க்காலில் கையை அலம்பிவிட்டு, வரம்பில் இருந்து இருவரும் சோறு சாப்பிடுவார்கள்.

"மருந்து ரின்னுல மண்டையோடு படம் போட்டிருந்துது. பூச்சிக்குத்தான் எண்டு நினைச்சன்."

அதுதான் காரணமா என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அது காரணம் இல்லை என்றும் சொன்னதில்லை. அவளாகவே இத்தனை வருடமும் அதைத் தன் மனதில் கலக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அதன் பிறகு சிரிக்க வரவில்லை.

அன்றிலிருந்து அக்காவின் சட்டங்கள் தொடங்கின. போன் என் வீட்டுக்குள் தூங்கக்கூடாது. அது பிஸ்கற் ரின்னுக்குள் போய், அவளுடைய குசினிக் கூரையின் வளைமரத்தில் தொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் அவள்தான் அதைக் கரைக்குத் தூக்கிவருவாள். பேச்சை வளர்க்கக்கூடாது. முடிந்ததும் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

கரையில் நின்ற ஒரு பெண்தான் தகரத்துக்குள் அலை போகாது என்று சொன்னாள். அக்கா அதை அப்படியே நம்பிவிடவில்லை. போனை ரின்னுக்குள் வைத்து மூடித் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தன் போனில் அழைக்கச் சொன்னாள். ரின் பேசாமல் இருந்தது. மூடியைத் திறந்து மறுபடி அழைக்கச் சொன்னாள். மணி அடித்தது. மறுபடி மூடினாள். பேசாமல் இருந்தது. தண்ணீரில் நின்ற எல்லோரும் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. பல வருடமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டியவள் அதன் வாலைப் பிடித்துவிட்டது போல இருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஓர் அலுமினியத் தட்டத்தோடு வந்தாள். நாங்கள் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டம்தான். விளிம்பில் ஆணியால் துளை போட்டு, பாவாடை நாடாவைக் கோத்திருந்தாள். அதை என் வயிற்றில் வைத்து, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டு, மேலே தொளதொளத்த சட்டையை இழுத்துவிட்டாள். தட்டம் குளிர்ந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் என் சூடு அதில் ஏறியது. நான் தண்ணீருக்குள் இறங்கிப் பேசத் தொடங்கினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பிள்ளை உதைத்தது. தட்டம் நகர்ந்து என் வளையலில் பட்டு 'டங்' என்றது.

"என்ன சத்தம் அது?" என்று அவர் கேட்டார்.

"உங்கட புள்ள."

தட்டத்தின் கதையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். சிரிப்பின் முடிவில் இருமல் வந்தது. இருமல் நிற்கக் கொஞ்சம் சுணங்கியது. ஏசியால் வந்த தடிமன் என்றார். அங்கே அவருக்கு ஸ்டோரில் வேலை, குளிர் அறையில் இருந்து சாமான் எடுத்துக் கொடுப்பதுதான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்.

எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவிச்சியிடம் போனைப் பற்றிக் கேட்டேன். அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மோட்டார் சைக்கிளில் வந்து, வயிற்றை அளந்து, இரும்புச்சத்துக் குளிசை கொடுத்துவிட்டுப் போவார். தட்டத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உண்மையைச் சொன்னா எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றார். "கெடுதி இருக்கெண்டு நான் படிக்கேக்க சொல்லித் தரல்ல. அப்ப போன் இல்ல. தூரமா வெச்சாப் போதும் எண்டு நினைக்கிறன். ஆனா உங்கட குசினியப் பாருங்க."

குசினிச் சுவர் கரிபிடித்து மினுங்கியது. ஈர விறகின் புகை கூரைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் புகைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும்தான் அவர் பயப்படுவதாகச் சொன்னார். என் இரத்தமும் குறைவாக இருக்கிறதாம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, வயல் மருந்தைப் பற்றிக் கேட்டாள். தனக்காகக் கேட்பது போலக் கேட்கவில்லை. அப்படி ஒருத்தி மருந்து கலக்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். மிஸ்ஸி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"அதப் பெரிய டொக்டரிட்ட கேக்கோணும்," என்றார். "கேளுங்க. கட்டாயம் கேளுங்க."

அன்று பின்னேரமே அக்கா குசினிச் சுவரில் மேலே இரண்டு செங்கல்லைப் பெயர்த்துப் புகை போக வழி வைத்தாள். தட்டத்தை மட்டும் விடவில்லை.

பிள்ளை காது கேட்கத் தொடங்கியிருக்கும் என்று யாரோ என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஆசை வந்துவிட்டது. வயிற்றில் போனை வை, நான் பிள்ளையோடு பேச வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டார். எனக்கும் ஆசைதான். அக்காவைக் கேட்டால் அவள் கூடாது என்று தலையை ஆட்டுவாள். இப்படியே சில வாரம் இழுபட்டது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் லவுட்ஸ்பீக்கர் இருந்தது. அதைப் போட்டு, அவள் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வாள். தட்டத்தைக் கழற்றிவிட்டு நான் அவளுக்கு எதிரே நிற்பேன். அலை தூரத்தில் நிற்கும். குரல் மட்டும் வரும்.

அப்படித்தான் நின்றோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேகத்தின் நிறம் அதில் விழுந்து, நாங்கள் வானத்தில் நிற்பது போல இருந்தது. அக்கா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "வெச்சாச்சு தம்பி, கதையுங்க," என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதலில் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் வாப்பா இல்ல, அப்பா கதைக்கிறன்," என்றார். கூட வேலை செய்யும் காத்தான்குடி முஸ்லிம் நண்பர் தன் பிள்ளையோடு 'வாப்பா' என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அந்தச் சொல் முதலில் வாயில் வந்திருக்கிறது. தண்ணீரில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் பேச்சை முடித்துக்கொண்டு அமைதியானார்கள். மத்தியானம் பருப்பும் சோறும் என்றார். இங்கே ஆறு இல்லை, வாவி இல்லை, காற்று வந்தாலும் மண்ணோடுதான் வரும் என்றார். நீ வந்த பிறகு உன்னைத் தோணியில் கூட்டிப்போவேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு சொல்றன். அம்மாட்ட சொல்லிப்போடாத. அப்பா ஸ்டோர்ல இல்ல. கல்லு வெட்டுற மெசின்லதான் நிக்கன். நாள் முழுக்க மா மாதிரித் தூசு. மூக்குக்குள்ள, தொண்டைக்குள்ள எல்லாம். ராவைக்கு இருமல் வந்தா தலகணியக் கடிச்சிக்கிட்டுப் படுக்கன், மத்தவங்க ஒழும்பிடுவாங்க எண்டு. அது பரவாயில்ல. நீ நல்லா இரு."

வயிற்றோடு ஒட்டிப் பிடித்த போனில் பேசுகிறோம், எனக்குக் கேட்காது என்று அவர் நினைத்திருந்தார். தண்ணீரில் நின்ற ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய கணவனும் அங்கே கட்டட வேலைதான். எனக்கு அழுகை வரவில்லை. என் வயிற்றைச் சுற்றி நாங்கள் இத்தனை நாளும் காவல் வைத்திருந்தோம். அந்தத் தூசு அவர் நெஞ்சுக்குள் போகும்போது தடுக்க அங்கே யாரும் இல்லை என்ற நினைப்பு மட்டும் வந்தது. அது எங்கிருந்தோ மெதுவாக, தண்ணீர் ஏறுவது போல, என் காலிலிருந்து மேலே ஏறியது.

அடுத்த தடவை அவர் பேசியபோது நான் சொன்னேன்.

"உங்கட புள்ள எனக்குச் சொல்லிட்டு."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் ஒருமுறை இருமினார்.

"முகத்துல துணி கட்டுறீங்களா?"

"கட்டுறன். வேர்த்தா கழட்டுவன். மூச்சு முட்டும் புள்ள."

"வேற வேல கேட்டுப் பாருங்க."

"கேட்டாத் திருப்பி அனுப்பிடுவான்." பிறகு, "நீங்க அங்க எந்த நேரம் சண்டை வந்து செல் விழும் எண்டு தெரியாத இடத்துல இரிக்கிறீங்க. அத நினைச்சா எனக்கு இந்தத் தூசு ஒண்டும் பெரிசாத் தெரியல்ல," என்றார்.

அப்படித்தான் நாங்கள் ஒவ்வொருவரும் மற்றவருடைய ஆபத்தைப் பெரிதாகவும் தன்னுடையதைச் சிறிதாகவும் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தோம். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை என்னிடமிருந்து வாங்கி, "தம்பி, மா இடிக்கக்குள்ள தண்ணி தெளிச்சாப் பறக்காதுதானே. கல்லுக்குத் தண்ணி ஊத்த ஏலாதா?" என்று கேட்டாள்.

மெசினில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதாம். வேலை சுணங்கும் என்று அதைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். திறக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் இடையில் சண்டை தொடங்கிவிட்டது. லைன்களும் நின்றுபோயின. கரைக்குப் போய்த் தண்ணீரில் நின்றால், போன் கல்லுப் போலக் கிடந்தது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பீரங்கிச் செல் விழத் தொடங்கிய ஒரு நாள், ஊர் முழுக்கக் கிளம்பியது. மாடுகளை அவிழ்த்துவிட்டு வருவதாக அத்தான் பின்தங்கினார். அக்கா போனையும் அடையாள அட்டைகளையும் ஒரு பையில் போட்டாள். என்னைச் சுவரோடு நிறுத்தி, தட்டத்தை எடுத்துக் கட்டினாள். லைன் இல்லாத போனுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த நேரம் அவள் கட்டியது போனுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். வானத்திலிருந்து வரும் எதற்கும் அந்தத் தட்டம் கொஞ்சமாவது குறுக்கே நிற்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

பாலத்தடியில் சோதனைச்சாவடி. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. சனம் நெரிந்துகொண்டிருந்தது. என் முறை வந்தபோது ஒரு பெண் பொலிஸ் தோளிலிருந்து தடவிக்கொண்டு வந்தார். அவருடைய கை என் வயிற்றுக்கு வந்து தட்டத்தில் பட்டது.

அவர் கையைத் தீயில் பட்டது போல இழுத்துக்கொண்டு, குண்டு கட்டியிருக்கிறேன் என்று நினைத்து, சிங்களத்தில் ஏதோ கத்தியபடி பின்னால் ஓடினார். துப்பாக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. எனக்குப் பின்னால் இருந்த சனம் அப்படியே தரையில் விழுந்தது. தெருவின் நடுவில் நான் மட்டும் நின்றேன். கைகளை எப்போது தூக்கினேன் என்று தெரியாது. எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுவது கேட்டது. ஒரு தூணில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு இருந்தது. அது சிறகை மடிக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்தேன்.

தரையில் கிடந்தபடி அக்கா தமிழில் கத்தினாள். "தட்டம் ஐயா. சோத்துத் தட்டம்."

தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்து கேட்டார். "என்ன தட்டம்? ஏன் கட்டியிருக்கு?"

"போன்ர அலை புள்ளைக்குப் படக்கூடா எண்டு."

அவர் அதைச் சிங்களத்தில் சொல்வது கேட்டது. யாரும் நம்பவில்லை. நம்பும்படியான கதையும் இல்லை. மெதுவாகச் சட்டையைத் தூக்கி, அதை நானே கழற்ற வேண்டும் என்றார்கள். முடிச்சு இறுகியிருந்தது. ஒருவழியாக நாடா அவிழ்ந்தது. தட்டம் என் கையிலிருந்து நழுவி, தெருவில் விழுந்து, விளிம்பில் உருண்டு போய், சுற்றிச் சுற்றி ஆடி, வெகுநேரம் சத்தம் போட்டுவிட்டுப் படுத்தது. வயிற்றில் காலை வெயில் பட்டது.

அந்தப் பெண் பொலிஸ் திரும்பி வந்தார். அவருடைய முகமும் என்னுடையதைப் போலவே வெளுத்திருந்தது. என் வயிற்றில் கையை வைத்தார். சோதனைக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தமிழ் தெரிந்தவரிடம் ஏதோ சொன்னார்.

"அவக்கும் வீட்ட சின்னப் பிள்ளை இருக்காம்," என்று அவர் எனக்குச் சொன்னார். "போன தூரத்தில வெச்சாக் காணுமாம். இனி இப்பிடிக் கட்ட வேண்டாமாம். சுட்டிருப்பம் எண்டு சொல்றா."

அக்கா தட்டத்தைப் பொறுக்கிக் எல்லோருக்கும் தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். "நான் உன்னக் கொல்லப் பார்த்திட்டன் கா," என்று மட்டும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மறுநாள் அத்தானும் அங்கே வந்து சேர்ந்தார். வகுப்பறையைச் சேலைகளால் பிரித்துக் குடும்பங்கள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு அடுப்புகளின் புகை, நுளம்புச் சுருளின் புகை, கிணற்றில் போட்ட குளோரின் மணம். இரவும் பகலும் கடல் இரையும் சத்தம். கோபுரம் தலைக்கு மேலே போலக் கிட்ட நின்றது. லைன்கள் திரும்பி வந்தபோது, வகுப்பறைக்குள் பாயில் படுத்துக்கொண்டே பேசலாம் என்று கண்டேன். எங்கும் அலை இருந்தது. ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அக்கா அதை யோசித்துப் பார்த்துவிட்டு, போனை யன்னல் திட்டில் வைத்தாள். பிறகு தன் முழுப் பலத்தையும் தண்ணீர் கொதிக்க வைப்பதிலும், எங்கள் மூலையிலிருந்து புகையை விரட்டுவதிலும் செலவழித்தாள். செய்யக்கூடியது கையில் இருந்தபோது அவள் அமைதியாக இருந்தாள்.

கட்டாரிலிருந்து முதல் அழைப்பு வந்தது. நாங்கள் உயிரோடு இருப்பதைக் கேட்டதும் அவர் அழுதார். பிறகுதான் சொன்னார். லைன் இல்லாத அந்த நாட்களில் அவருக்குக் கோபம் வந்திருக்கிறது. காத்தான்குடிக்காரரும் அவருமாகப் போய், தண்ணீர்க் குழாயைத் திறக்காவிட்டால் மெசினில் நிற்கமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். திட்டு விழுந்தது. ஆனால் குழாய் திறந்தது.

"இப்ப சேறுதான் தெறிக்குது. வீட்ட வயலுக்குள்ள நிண்ட மாதிரி இரிக்கு," என்றார்.

மழை கொட்டிய ஒரு பகலில் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். சத்தமாக அழுதாள். எல்லாம் சரியாக இருந்தது. அக்கா அவளுடைய காது, விரல்கள், பாதம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் வார்ட்டுக்குப் பெரிய டொக்டர் வந்தபோது, அவர் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை பொறுத்திருந்து, பின்னாலேயே போனாள். யன்னலருகில் நின்று அவள் பேசுவதும், அவர் கேட்பதும் தெரிந்தது. கையால் கலக்கும் பாவனையை ஒருமுறை காட்டினாள். அவர் வெகுநேரம் நின்று பதில் சொன்னார்.

திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அதாலதான் எண்டு இப்பச் சொல்ல ஏலாதாம். அதால இரிக்கவும் கூடுமாம்."

"வேற என்ன சொன்னாரு?"

"அது உங்கட பிழை இல்ல எண்டாரு." அவள் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், யாரோ கொடுத்த புது உடுப்பை உடம்போடு வைத்துப் பார்ப்பது போல. பிறகு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு அவள் மருந்து ரின்களை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. அத்தானுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தாள். அவளுக்குப் பிள்ளை தங்கவே இல்லை. என் மகள் இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள்.

என் கணவர் ஒப்பந்தம் முடிந்து வந்தபோது மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவர் மெலிந்திருந்தார். எக்ஸ்றே படம் எடுத்துப் பார்த்த டொக்டர், நெஞ்சில் கொஞ்சம் தழும்பு விழுந்திருக்கிறது, இதற்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், இனித் தூசு வேலை வேண்டாம் என்றார். குழாயை இன்னும் கொஞ்சம் முந்தித் திறந்திருந்தால் என்று நான் யோசித்தது உண்டு. அவர் யோசிப்பதில்லை. எனக்குக் கல்லடியில் பாலர் பாடசாலை வேலை கிடைத்ததால், கடலுக்குக் கிட்டவே ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். அவர் வலை திருத்தினார், சின்னச் சின்ன வேலை செய்தார்.

பின்னேரங்களில் மூன்று பேரும் கடற்கரைக்கு நடப்போம். மணல் ஏறும் இடத்தில் அவர் நின்றுவிடுவார். இடுப்பில் கைகளை வைத்துக்கொண்டு, வள்ளங்கள் வருவதைப் பார்ப்பது போலக் கடலைப் பார்ப்பார். மூச்சு அடங்கும்வரை அப்படித்தான் நிற்பார். நான் கேட்பதில்லை. நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அந்த இடத்துக்கு வந்தால் எல்லோரும் நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்றுதான் மகள் நினைத்திருந்தாள். அவளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில், ஒன்றும் பேசாமல் நின்று பார்ப்பாள்.